ஆதாரம் கேட்டாலும் அசராத நாய்க் கதைகள்: தெரியுமா?

1966-இல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்திய இங்கிலாந்தே கோப்பையையும் வென்றது. இது ஊரறிந்த செய்தி. போட்டி தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு அந்தக் கோப்பை களவு போனதும், ஸ்காட்லாந்து யார்டால் முடியாததை ஒரு வீட்டு நாய் முடித்துக் கொடுத்ததும் தெரியுமா?

மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் தபால்தலைக் கண்காட்சி. கூட்டம் சேர்க்க ஜூல்ஸ் ரிமே கோப்பையையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அங்கே இருந்த தபால்தலைகளின் மதிப்போ பல லட்சம் பவுண்டு. திருடன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! கோப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போலீஸ் ஒரு வாரம் சல்லடை போட்டுத் தேடியது. மார்ச் 27 அன்று தெற்கு லண்டனில் டேவிட் கார்பெட் என்பவர் தன் நாய் பிக்கிள்ஸை வெளியே கூட்டிப்போகக் கிளம்பினார். வாசலைத் தாண்டியதுமே நாய் பக்கத்து வீட்டுக் காரின் சக்கரத்தருகே நின்றுவிட்டது. கூப்பிட்டாலும் வரவில்லை. செய்தித்தாளில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிய ஒரு பொட்டலத்தையே மோந்துகொண்டிருந்தது. குண்டாக இருக்குமோ என்று பயந்துகொண்டே பிரித்தார் கார்பெட். உள்ளே பிரேசில், மேற்கு ஜெர்மனி, உருகுவே என்று நாட்டுப் பெயர்கள் செதுக்கிய தங்க முலாம் கோப்பை!

காவல் நிலையத்துக்கு ஓடினார். பாராட்டுவார்கள் என்று பார்த்தால், "நீங்கள் எங்கே இருந்தீர்கள், அன்றைக்கு என்ன செய்தீர்கள்" என்று அவரையே குடைந்தார்கள். சந்தேகம் தீர்ந்த பிறகுதான் பரிசுப் பணம் வந்தது. அதில் ஒரு வீடே வாங்கிவிட்டார். பிக்கிள்ஸுக்குப் பதக்கம், ஒரு வருஷச் சாப்பாடு, சினிமாவில் வேஷம், போதாததற்கு இங்கிலாந்து ஜெயித்த பிறகு நடந்த விருந்துக்கு அழைப்பு! அடுத்த வருஷமே ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு ஓடி, கழுத்துப் பட்டை சிக்கிச் செத்துப்போனது, பாவம். அந்தக் கோப்பை 1983-இல் ரியோ டி ஜெனிரோவில் மறுபடி களவு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. ரியோவில் ஒரு பிக்கிள்ஸ் இல்லை, அவ்வளவுதான்.

நாய்க் கதை என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி உண்டு. எஜமானர் கல்லறையில் கண்ணீர் விடும் நாய், பின்னணியில் சோக வயலின் என்று வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒன்று வந்து விழுகிறது. அதனால் யாராவது "நிஜமாகவா?" என்று கேட்டு, துருவி, ஆதாரம் பார்த்த கதைகளாகவே பொறுக்கியிருக்கிறேன். சோதனையில் தேறாத இரண்டும் நடுவில் வரும்.

அமெரிக்காவில் ஒரு நாய் 4,000 கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குத் திரும்பியது தெரியுமா? கன்னியாகுமரியில் கிளம்பி டெல்லிக்குப் போய், அங்கிருந்து இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் அந்தத் தூரம் வரும்! ஓரிகன் மாநிலத்தில் சில்வர்டன் என்ற சிற்றூர். அங்கே உணவகம் நடத்திய பிரேசியர் குடும்பம் 1923 ஆகஸ்டில் சொந்தக்காரர்களைப் பார்க்கக் காரில் கிளம்பியது. கூடவே கோலி கலப்பு நாய் பாபி. இண்டியானா மாநிலத்தின் வால்காட் ஊரில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, உள்ளூர் நாய்கள் மூன்று பாபியைத் துரத்தின. ஓடிய பாபி திரும்பவில்லை. தேடினார்கள், விளம்பரம் கொடுத்தார்கள். கடைசியில் மனசைத் தேற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

ஆறு மாதம் ஆனது. 1924 பிப்ரவரி 15. சில்வர்டன் தெருவில் எலும்பும் தோலுமாக ஒரு நாய். நகங்கள் தேய்ந்து, பாதம் புண்ணாகி நடக்கவே முடியாமல் நடந்து வருகிறது. வீட்டின் சின்னப் பெண் பார்த்துக் கூவ, நாய் ஒரே பாய்ச்சலாக வந்து ஆளாளுக்கு முகத்தை நக்கியது. அதோடு விடவில்லை. இரவு வேலை முடித்து உணவக மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பிரேசியரின் படுக்கையில் ஏறி அவரையும் எழுப்பிவிட்டது!

"வேறு ஏதோ நாயாக இருக்கும்" என்று சொல்லத் தோன்றுகிறதா? அன்றைக்கும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஓரிகன் விலங்கு நலச் சங்கம் விசாரணையில் இறங்கியது. செய்தி பத்திரிகைகளில் வந்ததும், "எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியது", "நான் சோறு போட்டேன்", "காலில் இருந்த காயத்துக்கு நான்தான் கட்டுப் போட்டேன்" என்று வழி நெடுகக் கடிதங்கள். உடம்பிலிருந்த பழைய தழும்புகளும் அடையாளம் சொன்னன. கடிதங்களை வரைபடத்தில் கோத்துப் பார்த்தால் பாபி வந்த பாதை கிட்டத்தட்ட முழுசாகவே தெரிந்தது. முதலில் திசை தெரியாமல் அங்கும் இங்கும் அலைந்திருக்கிறது, பிறகு மேற்கைப் பிடித்திருக்கிறது. நடுவில் பெரிய ஆறுகள், பாலைநிலம், கடுங்குளிர்காலத்து ராக்கி மலைத்தொடர். அடைக்கலம் கொடுத்த வீடுகளிலும் அது தங்கவில்லை. கொஞ்சம் தேறியதும் கிளம்பிவிட்டதாம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். போர்ட்லண்டில் நடந்த கண்காட்சிக்கு பாபி வந்தபோது பார்க்க வந்தவர்கள் 40,000 பேருக்கு மேல். 1927-இல் இறந்தபோது மலர்வளையம் வைக்கக் கூட்டி வரப்பட்டது யார் தெரியுமா? அன்றைய ஹாலிவுட்டின் நாய் நட்சத்திரம் ரின் டின் டின்!

ஜப்பானின் ஹச்சிகோவை அறியாதவர்கள் குறைவு. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழக வேளாண்மைப் பேராசிரியர் ஹிதேசபுரோ உயேனோ வேலை முடிந்து திரும்பும்போது ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருக்கும் அகிதா நாய். 1925 மே 21 அன்று அவர் பல்கலைக்கழகத்திலேயே இறந்துபோனார். நாய் 1935 மார்ச் 8-இல் சாகும்வரை ஸ்டேஷனுக்கு வந்துகொண்டே இருந்தது. இது வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். நாயும் அவரும் சேர்ந்து வாழ்ந்த காலம் ஒன்றரை வருஷம்கூட இல்லை என்பது தெரியுமா? ஒன்றரை வருஷத்துக்கும் குறைவான பழக்கத்துக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் காத்திருப்பு!

அந்த ஒன்பது வருஷமும் மாலை மரியாதையோடு கழியவில்லை. ஆரம்பத்தில் ஸ்டேஷன் ஆட்களும் கடைக்காரர்களும் அதைத் தொல்லை என்று விரட்டினார்கள், அடித்தார்கள். முகத்தில் மசியால் மீசை வரைந்து சிரித்தவர்கள்கூட உண்டு. 1932-இல் அசாஹி நாளிதழில் கட்டுரை வந்ததும் ஒரே நாளில் காட்சி மாறியது. தலையைத் தடவ, தின்னக் கொடுக்க ஆளுக்கு ஆள் போட்டி. 1934 ஏப்ரலில் வெண்கலச் சிலையே வைத்துவிட்டார்கள். திறப்பு விழாவில் ஹச்சிகோவும் கலந்துகொண்டது. உயிரோடிருக்கும்போதே தன் சிலைத் திறப்பு விழாவுக்குப் போக நம்மூரில் தலைவர்களால்தான் முடியும்! போரின்போது உலோகத்துக்காக அந்தச் சிலையை உருக்கிவிட்டார்கள். இப்போது ஷிபுயாவில் நிற்பது, முதல் சிலையைச் செய்த சிற்பியின் மகன் 1948-இல் செய்தது.

இங்கேயும் சந்தேகக்காரர்கள் உண்டு. ஹச்சிகோ வந்தது எஜமானருக்காக அல்ல, ஸ்டேஷன் வாசலில் விற்ற யாக்கிடோரி என்ற கம்பியில் சுட்ட கோழிக்காக என்றார்கள். செத்த பிறகு அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் கோழி குத்திய குச்சிகள் இருந்தது உண்மை. குச்சி குத்தித்தான் செத்தது என்றுகூடப் பேச்சு கிளம்பியது. பாதுகாத்து வைத்திருந்த உறுப்புகளை டோக்கியோ பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2011-இல் முடிவு சொன்னார்கள்: இதயத்திலும் நுரையீரலிலும் புற்றுநோய், கூடவே இதயப் புழு. குச்சிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. என்னைக் கேட்டால், கோழிக் கட்சியின் வாதம் நிற்காது. ஊர் கொண்டாடித் தின்னக் கொடுத்தது 1932-க்குப் பிறகு. அதற்கு முந்தைய ஏழு வருஷம் பெரும்பாலும் கிடைத்தது அடிதானே! அடி வாங்கவா தினமும் வந்தது?

உயேனோவோடு வாழ்ந்த யாயெகோ அவரைச் சட்டப்படி மணக்கவில்லை. அதனால் அவர் இறந்தபோதும் அஸ்தியை உயேனோவோடு சேர்த்து வைக்க முடியவில்லை. நாய்க்கு அந்தக் கல்லறைப் பக்கத்திலேயே நினைவிடம் அமைந்துவிட்டது, அந்த அம்மாளுக்கு 2016-இல்தான் இடம் கிடைத்தது தெரியுமா?

சரி, தேறாத கதைகள். எடின்பரோவில் 14 வருஷம் எஜமானரின் கல்லறையில் கிடந்ததாகச் சொல்லப்படும் கிரேஃபிரையர்ஸ் பாபிக்குச் சிலை உண்டு, புத்தகம் உண்டு, படம் உண்டு. 2011-இல் வரலாற்றாளர் ஜான் பாண்டெசன் கிளறிப் பார்த்து, அது ஒரு நாய் அல்ல, இரண்டு நாய்கள் என்றார். முதல் நாய் செத்ததும் வேறொன்றை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள், சுற்றுலாக் கூட்டத்தால் பக்கத்து உணவகத்துக்கு வியாபாரம் நடந்ததே என்பது அவர் வாதம். அடுத்தது போர்ச்சுகல்லின் போபி. 2023-இல் 30 வயது நாய் என்று கின்னஸ் பட்டம் வாங்கியது, அந்த வருஷமே இறந்தது. பிறந்த வருஷத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2024 பிப்ரவரியில் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். போபி வருவதற்கு முன் பல பத்தாண்டுகளாக அந்தப் பட்டத்தை வைத்திருந்தது ஆஸ்திரேலியாவின் புளூயி. 1910 முதல் 1939 வரை, 29 வருஷம் 5 மாதம். அதில் பெரும்பகுதி ஆடு மாடு மேய்த்தே கழிந்தது!

நாயின் மூக்கில் வாசனை அறியும் செல்கள் 20 கோடிக்கு மேல். நமக்கு அறுபது லட்சம் அளவில்தான். அந்த மூக்கு புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் என்று மருத்துவ உலகத்துக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஆராய்ச்சிக்கூடம் அல்ல, ஒரு வீட்டு நாய் தெரியுமா? 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் லண்டன் மருத்துவர்கள் இருவர் ஒரு கடிதம் எழுதினார்கள். ஒரு பெண்மணியின் காலில் பல மச்சங்கள். வளர்ப்பு நாய் அதில் ஒன்றை மட்டும் தினமும் நிமிஷக்கணக்கில் மோந்துகொண்டிருந்தது, கால்சட்டைக்கு மேலாகக்கூட! ஒருநாள் அவர் அரைக்கால்சட்டை போட்டிருந்தபோது அந்த மச்சத்தைக் கடித்தே எடுக்கப் பார்த்தது. பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினார். சோதித்தால் மெலனோமா, தோல் புற்றுநோயில் மிக மோசமான வகை. ஆரம்பத்திலேயே தெரிந்ததால் பிழைத்தார்.

அந்தக் கடிதத்தைப் பலர் சிரித்துக்கொண்டே படித்திருப்பார்கள். 2004-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் படித்துச் சிரிக்க முடியாது. ஆறு நாய்களுக்குச் சிறுநீரை மோந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோயைச் சொல்லப் பழக்கினார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் 14 சதவீதம்தான் சரியாக வரும், நாய்களோ 41 சதவீதம் சரியாகச் சொன்னன. இதில் கூத்து என்னவென்றால், பயிற்சியின்போது நோயில்லாதவர் என்று வைத்திருந்த ஒருவருடைய மாதிரியை நாய்கள் விடாமல் "நோய், நோய்" என்றே காட்டின. பயிற்சியாளர்கள் தலையைச் சொறிந்தார்கள். அந்த ஆளை மறுபடி சோதித்துப் பார்த்தால் சிறுநீரகத்தில் புற்றுநோய்! நாய் சரி, மருத்துவக் குறிப்புதான் தப்பு.

அந்த ஆய்வுக் குழுவிலிருந்த கிளேர் கெஸ்டுக்கே 2009-இல் அப்படி ஒன்று நடந்தது. அவருடைய லாப்ரடார் டெய்ஸி அவர் மார்பையே முட்டிக்கொண்டிருந்தது. பரிசோதனையில் ஆழத்தில் ஒளிந்திருந்த மார்பகப் புற்றுநோய் தெரியவந்தது.

மூக்கு போகட்டும், காது? சேஸர் என்ற பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயர் தனித்தனியாகத் தெரியும் தெரியுமா? அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர், எழுபது வயதைத் தாண்டி, ஓய்வு பெற்ற பிறகு இந்தக் குட்டியை வளர்த்தார். தினமும் நாலைந்து மணி நேரம் பொம்மையைக் காட்டி, பெயர் சொல்லி, ஒளித்துவைத்து, தேடச் சொல்லி மூன்று வருஷம் விளையாடினார். துணிப் பொம்மை மட்டும் 800-க்கு மேல், பந்து நூற்றுச் சொச்சம், பறக்கும் தட்டு 26. தாத்தாவுக்கே பெயர்கள் மறந்துபோனதால் ஒவ்வொரு பொம்மையிலும் பேனாவால் எழுதிவைத்துக்கொண்டார். நாய்க்கு அந்த உதவி தேவைப்படவில்லை!

கண் ஜாடையில் கற்றிருக்கும் என்ற சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை. பொம்மைகளை வேறு அறையில் பரப்பிவிட்டு, இந்த அறையிலிருந்து பெயர் சொல்வார்கள். 20 கேட்டால் 18-க்குக் குறையாமல் சரியாக வரும். இதைவிட அதிசயம் ஒன்று. இயற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் தொலைக்காட்சிக்காக வந்து, சேஸர் அதுவரை பார்த்தேயிராத ஒரு பொம்மையைப் பழைய பொம்மைகளுக்கு நடுவில் வைத்தார். "டார்வினைக் கொண்டு வா" என்றார். கேள்விப்படாத பெயர். சேஸர் போய் நின்றது, தயங்கியது. மறுபடி சொன்னார். புதுப் பொம்மையைக் கவ்விக்கொண்டு வந்தது. மற்றதெல்லாம் பெயர் தெரிந்தவை, ஆகவே தெரியாத பெயர் இதற்குத்தான் என்று கணக்குப் போட்டிருக்கிறது! குழந்தைகள் சொல் கற்பதும் இப்படித்தான். பில்லி 2018-இலும் சேஸர் அடுத்த வருஷமும் போய்ச் சேர்ந்தார்கள்.

1941-இல் சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்பவர் நாயோடு காட்டில் அலைந்து திரும்பினார். நாயின் ரோமத்திலும் தன் கால்சட்டையிலும் ஒட்டிய முள்காய்களை அவர் நுண்ணோக்கியில் பார்த்ததன் விளைவுதான் இன்று உங்கள் பிள்ளையின் ஷூவிலும் பையிலும் "சர்ர்" என்று பிரியும் வெல்க்ரோ. நாயுருவி ஒட்டிய வேட்டியை நாமும்தான் காலம் காலமாக உதறிக்கொண்டிருக்கிறோம்!

வெள்ளை மாளிகைக்குள் சோவியத் ஒன்றியம் அனுப்பிவைத்த புஷிங்காவைத் தெரியுமா? 1960 ஆகஸ்டில் விண்வெளியில் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பிய நாய் ஸ்ட்ரெல்கா பின்னர் குட்டி போட்டது. 1961-இல் வியன்னாவில் நடந்த விருந்தில் சோவியத் தலைவர் குருஷேவ் பக்கத்தில் அமர்ந்த அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி, பேச்சு வாக்கில், "எனக்கு ஒரு குட்டி அனுப்புங்களேன்" என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தார். கொஞ்ச நாளில் சோவியத் தூதர் வாசலில் நின்றார், கையில் வெள்ளை வெளேரென்று புஷிங்கா! ஒட்டுக்கேட்கும் கருவி ஏதாவது உள்ளே வைத்திருக்கிறார்களா என்று சோதித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். குழந்தை கரோலினின் விளையாட்டு வீட்டு ஏணியில் ஏறிச் சறுக்குமரத்தில் வழுக்கி இறங்க அதற்குப் பழக்கினார்கள். 1962 அக்டோபரில் இரண்டு வல்லரசுகளும் அணு ஏவுகணையை நீட்டிக்கொண்டு நின்றன. அடுத்த ஜூனில் புஷிங்காவுக்கும் கரோலினின் அமெரிக்க நாய் சார்லிக்கும் நாலு குட்டி. ராஜதந்திரிகள் ஒரு பக்கம், சம்பந்திகள் ஒரு பக்கம்!

பிலிப்பைன்ஸின் கபாங் கொஞ்சம் மனதை உலுக்கும். 2011-இல் சம்போவாங்கா நகரில் வீட்டுச் சிறுமிகள் இருவர் சாலையைக் கடக்கும்போது, வேகமாக வந்த மோட்டார் வண்டிக்கு முன்னால் பாய்ந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள். சக்கரத்தில் சிக்கிய கபாங்கின் மேல்தாடையும் மூக்கும் போய்விட்டன. 47 நாடுகளிலிருந்து பணம் சேர்ந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முகத்தைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியவில்லை. புற்றுநோயும் இதயப் புழுவும் இருப்பது அங்கேதான் தெரிந்தது. அவற்றைத் தீர்த்து, காயத்தை மூடி, 2013-இல் ஊருக்கு அனுப்பினார்கள். அதன்பின் 2021 வரை இருந்தது.

செல்வகுமாரைத் தெரியுமா? ஆள் இல்லை, நாய். 2004 டிசம்பர் 26 காலை, புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டுப் பக்கம் ஒரு மீனவக் கிராமம். மாடிமேல் ஏறிப் பார்த்த மீனவர், கடல் எழும்பி வருவதைக் கண்டு "ஓடுங்கள்" என்று கத்துகிறார். மனைவிக்கு மூன்று பிள்ளைகள், கை இரண்டு. சின்னவர்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். ஏழு வயதுப் பெரியவன் பின்னாலேயே வந்துவிடுவான் என்று நினைத்தாள். அவனோ தனக்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடத்துக்கு ஓடினான். கடலை ஒட்டியிருந்த அவர்கள் குடிசைக்கு!

எப்போதும் அந்த அம்மாவின் காலையே சுற்றும் நாய் அன்றைக்கு மட்டும் அவளோடு போகவில்லை. குடிசைக்குள் நுழைந்து பையனை முட்டி, கவ்வி, இழுத்து வெளியே தள்ளி, மேடு ஏறும்வரை விடவில்லை. பிள்ளை போய்விட்டான் என்று அழுதுகொண்டிருந்த தாயின் முன்னால் இரண்டும் வந்து நின்றன. குடிசை மிஞ்சவில்லை. அந்தச் செய்தி அப்போது உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. விபத்தில் இறந்த உறவினர் ஒருவரின் பெயரைத்தான் அந்த நாய்க்கு வைத்திருந்தார்களாம்.

நாய்க்குப் பெயர் வைத்ததும், செய்த வேலைக்குக் கல் நாட்டியதும் இங்கே புதுசல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு என்று பொறித்த, 7-ஆம் நூற்றாண்டுக் கல். எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. கால்நடைகளைக் கவரும் தொறுப் பூசலில் பட்டவர்களுக்குச் செங்கம் வட்டாரத்தில் இப்படிக் கற்கள் ஏராளம். இந்தக் கல்லில் மட்டும் என்ன விசேஷம் தெரியுமா? வீரனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கீழே அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ராணிகள் பலருக்கே கல்லில் பெயர் கிடைக்கவில்லை!